வெற்று எடை

படிவத்தின் எட்டாவது கட்டம் கேட்கிறது:
கடைசியாகத் தேறிய தேர்வு எது?
கனரக வாகன உரிமம், முதல் முயற்சியிலேயே
என்று எழுதி, அடித்து,
மறுபடியும் அதையே எழுதினேன்.
பெயர் நூலா கன்கானன். வயது ஐம்பத்தொன்று.

கால்வேக்குக் கிழக்கே ஒரு குவாரி. சுண்ணாம்புக்கல்.
நாளைக்கு ஆறு நடை, இருபத்தாறு வருடம்.
காலியாக உள்ளே போகும்போது எடைமேடையில் ஒருமுறை,
நிறைந்து வெளியே வரும்போது ஒருமுறை.
முன்னதைப் பின்னதிலிருந்து கழித்து
ஃபெஸ்டஸ் ரசீது தருவான்: சரக்கு இவ்வளவு.
இந்தப் படிவத்தைச் செய்தவர்
பதினாறு வயதில் என்னை ஒருமுறை நிறுத்திப் பார்த்ததோடு சரி.
அப்புறம் கூப்பிடவே இல்லை.

அன்று கணக்குத் தேர்வு.
பஸ் வந்தது. கதவு திறந்தது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.
நான் ஏறவில்லை.
பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்பதுதான்
இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியாதது.
வீட்டில் நோய் இல்லை, பசி இல்லை.
மழை பெய்தது. ஏறவில்லை.

நான்கு வருடம் முன்பு, அத்தன்ரை திருப்பத்தில்,
முன்னே போன லாரியிலிருந்து துள்ளிய ஒன்று
என் கண்ணாடியில் விரிசல் விட்டது.
திட்டிக்கொண்டே இறங்கிப் பொறுக்கினேன்.
உள்ளங்கையில் அடங்கியது. உடைந்த பக்கத்தில்
தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள்.
நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்று சொன்னது: பவளம்.
முப்பத்துமூன்று கோடி வருடம்.
அப்போது இந்த ஊர் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்ததாம்.
ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது.
அப்படியானால் இத்தனை வருடமும்
கடலைத்தான் டன் கணக்கில் ஏற்றிப் போய்
பிறத்தியார் வாசலில் கொட்டியிருக்கிறேன்.

நேர்காணலில் மூன்று பேர்.
இந்த வயதில் எதற்கு என்று நடுவில் இருந்தவர்
மரியாதையாகத்தான் கேட்டார்.
மகள் சோர்கா எழுதிக் கொடுத்து
ஒரு வாரம் ஒப்பித்த பதில்
மேசையைப் பார்த்ததும் காணாமல் போயிற்று.
'கல்' என்றேன்,
சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன்.
கைமாறிக் கைமாறி ஓரத்துப் பெண்ணிடம் போனது.
அவர் பேசிக்கொண்டே, யோசிக்காமல்,
அதை நாக்கால் ஒருமுறை தொட்டார்.
ஈரம் பட்டால்தான் அறைகள் தெளிவாகத் தெரியும்.
லாரிக்குள் யாரும் பார்க்காதபோது
நானும் அதைத்தான் செய்வேன்.
'நானும்' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது
அது ஒன்றுதான்.

கடிதம் வந்தது. இடம் உண்டு, ஒரு நிபந்தனையோடு:
அடிப்படைக் கணிதம், செவ்வாயும் வியாழனும்.
கணக்கு!
சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கடைசி வெள்ளிக்கிழமை ஃபெஸ்டஸ்,
'லாரியை விட்டு இறங்கு, நீ ஏறு' என்றான்.
இருபது கிலோவுக்குக் கீழே அந்த மேடைக்குக் கண் தெரியாது.
பையோடும் புதுக் கணக்குப் புத்தகத்தோடும்
மதியச் சாப்பாட்டோடும் நின்றேன்.
எண்பதா நூறா என்று தீர்மானிக்க முடியாமல்
எண் மினுக்கிக்கொண்டே இருந்தது.
எண்பது என்று ரசீது அடித்துத் தந்தான்,
மேலே: வெற்று எடை.
சரக்கு என்ற இடத்தில் ஒன்றும் போடவில்லை.

வளாகத்தில் லாரி நிறுத்த இடமில்லை.
ஏழு பத்து பஸ்.
மழை, சொல்லவே வேண்டாம்.
கதவு திறந்தது. ஏறிவிட்டேன்.
எங்கே என்று கேட்டார் ஓட்டுநர், பையன்,
சோர்காவைவிடச் சின்னவன்.
அந்த இடத்தின் பெயரை
இதுவரை நான் டிக்கெட்டாகக் கேட்டதில்லை.
இரண்டாம் தடவைதான் சத்தம் வந்தது.